நான் விற்ற வெயில்

மார்ச் 3, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பட்டுப் போன்ற சருமத்துக்கு க்ரீம் விற்கிற நான், இன்று கவுன்ட்டருக்கு அடியில் குனிந்து, ஸ்கேலால் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே ஒரு பெண். என் கையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த க்ரீம் டப்பாவைப் பார்த்தாள், வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சூப்பர்வைசர், என் மகள் வயதுதான், பார்த்துவிட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. கை சரியாகலைன்னா உங்களை கோடவுனுக்குத்தான் மாத்தணும்."

கோடவுனா? அங்கே அட்டைப்பெட்டியிடம் யாரைப் பற்றி வம்பு பேசுவது?

மார்ச் 6

தோல் டாக்டர் எக்ஸிமா என்றார். ரத்தத்தில் வைட்டமின் டி பாதாளத்தில் கிடக்கிறதாம்.

"வெயிலே படறதில்லையாம்மா?"

"ட்யூப்லைட் நல்லா படுது டாக்டர்."

தினம் ராத்திரி தடவ ஒரு களிம்பு, டி-க்கு வாரம் ஒரு மாத்திரை. "மாத்திரை அரிப்புக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். களிம்பை விடாதீங்க, வாசனை க்ரீம் கையில படவே கூடாது" என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனார். என் மனசு வெயிலிலேயே நின்றுவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

முதல் மாத்திரை. மறக்காமலிருக்க அட்டையைக் கைப்பையிலேயே போட்டுக்கொண்டேன். பிறகு கண்ணாடி போட்ட பால்கனியில் கையை நீட்டி உட்கார்ந்தேன்.

"துணியோட துணியா உன்னையும் காயப்போட்டாச்சா?" என்றார் இவர். ராத்திரி முழங்கைக்குக் களிம்பு பூச மட்டும் இந்த மனுஷன் வேண்டும். முழங்கையின் பின்பக்கம் என் கண்ணுக்குத் தெரியாது.

மார்ச் 14

அரிக்கிறது. எழுதினால் கை சும்மா இருக்குமே என்று எழுதுகிறேன். சும்மா இருக்கிறதா? இடது கை இருக்கிறதே—

மார்ச் 29

சிவப்பு அடங்குகிறது! என் கையில் தடவிக் காட்டிக்கொண்டிருந்த சாம்பிளை இப்போது வாடிக்கையாளர் கையில்தான் தடவுகிறேன், கூடவே வெயில் உபதேசத்தையும் இலவசமாகத் தருகிறேன். நாத்தனாருக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் வைட்டமின் டி. "அண்ணி, நீங்க டாக்டருக்கே படிச்சிருக்கலாம்" என்றாள். கிண்டல்தான். இருக்கட்டும்.

மே 4

சூப்பர்வைசர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கவுன்ட்டர்லயே இருங்கக்கா." தப்பித்தேன். வாழ்க சூரியன்.

மாலை டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "கை நல்லாயிருக்கு. ஆனா டி ஏறவே இல்லையே. கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்தா அந்த வெயில் பிரயோஜனமில்லைம்மா. சரி, மாத்திரை?"

"தவறாம சாப்பிடறேன் டாக்டர்." சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கைப்பையைக் கொட்டினேன். அட்டையில் ஒரே ஒரு குழிதான் காலி.

இவர் வழக்கம்போல் களிம்பு டியூபோடு வந்து நிற்கிறார்.