விளக்குக்காரியின் இரண்டாம் பாகம்

முதலில் நல்ல செய்திகள். கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது உன் சட்டம். "நல்லதெல்லாம் மொதல்ல எழுதுட்டி, கொறையெல்லாம் பொறவு" என்பாய். என் மூத்த பேரன் சர்க்கார் பரீட்சையில் தேறி செங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை வக்கீலுக்குப் படித்து முடித்து, கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு தென்காசிக் கோர்ட்டுக்குப் போய்வருகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் வீட்டிலிருந்து! உன் பக்கத்தையும் விடவில்லை. உன் பேத்தி பல் டாக்டர் ஆகிவிட்டாள், கைப்பிள்ளையை வைத்துக்கொண்டே பரீட்சை எழுதினாளாம். உன் பேரன் கடையநல்லூரில் மருந்துக்கடை திறந்திருக்கிறான். என் சின்ன மகன் பெற்ற நித்யா பெங்களூரில் இருக்கிறாள். செல்போனில் ஆடுகிற விளையாட்டுகளைச் செய்யும் கம்பெனியில் வேலை. அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள், நம்புவாயா?

நல்லது முடிந்தது. இனி குறை.

அந்த நித்யா போன வாரம் ஊருக்கு வந்தபோது நாலு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் ஒரு சின்னப் படம். ஒரு பெண்பிள்ளை, கையில் விளக்கு, காலடியில் கல், கல்லைச் சுற்றி ஆறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நம் விளக்குக்காரியேதான். நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து அவளைப் பார்க்கிறேன். அழுகை வரும் என்று நித்யா நினைத்திருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன் வீட்டு அண்ணாச்சி குவைத்திலிருந்து லீவில் வந்த வருஷம், எண்பதுகளின் தொடக்கம். அத்தர் பாட்டிலுக்கும் பிஸ்கட் டப்பாவுக்கும் நடுவில் துணி சுற்றி அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அகலம், இரண்டு பொத்தான். உன் மகனுக்கென்று வாங்கியது. அவன் ஒரு வாரம் ஆடிவிட்டுக் கோலிக்குண்டுக்குப் போய்விட்டான். நாம் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, உலை இறக்கிய பிறகு, நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான புறவாசல் சுவரில் சாய்ந்துகொண்டு ஒருத்தி ஆட, மற்றவள் குழம்புக்கு உள்ளி உரிக்க வேண்டும். விளக்கு அணைந்தால் கை மாறும்.

"ஏட்டி, கொக்கு வருது, பின்னால போ!"

"எனக்குத் தெரியும், நீ உள்ளிய உரி."

"நீ ஆடுத லட்சணத்துக்கு அவ அக்கரைக்குப் போய்ச் சேந்த மாதிரிதான்."

"என் கண்ணுல பட்ட உள்ளிச் சாத்துக்கு என்னத்த ஆட? நீதானே வேணும்னே பக்கத்துல வச்சு உரிக்கே!"

வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "எந்தக் கடிகாரத்துக்கும்மா பேட்டரி?" என்று கேட்பார். "எங்க வீட்டு அவிய கடிகாரத்துக்கு" என்று கூசாமல் சொல்வேன். எங்க வீட்டு அவியளிடம் கடிகாரமே கிடையாது.

ஆற்றின் அக்கரையில் ஒரு வீடு இருந்தது, மூடிய கதவோடு. அவள் கல் கல்லாகத் தாண்டி அங்கே போய்ச் சேருவாள். உடனே மறுபடி இக்கரையில் நிற்பாள். கதவு மட்டும் திறக்காது. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நம்பர் ஏறினால் போதும். நீதான் விடவில்லை. "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது, மூணு ஒம்பது வந்தா பொறவு நம்பர் போட எடமில்ல, அப்போ தொறந்துதானே ஆகணும்? யாரோ உள்ள இருக்கா கோமு. வீட்ட வரஞ்சவன் ஆள வரையாம விடுவானா?" என்றாய். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கணவன் முகத்தைப் பார்க்கிறவளுக்கு, அக்கரையில் யார் இருக்கிறார்கள் என்பது பெரிய விஷயமாக இருந்திருக்கும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

அந்த ஆடி மாதம் குற்றாலத்துக்குப் போனோம். நீயும் நானும், பிள்ளைகளும், என் நாத்தனாரும். உனக்குத் தடிமன் பிடித்திருந்ததால் குளிக்க வரவில்லை. துணி மூட்டையையும் என் கடைக்குட்டியையும் உன்னிடம் விட்டுவிட்டு நாங்கள் அருவிக்குள் போனோம். அவனுக்கு மூன்று வயது, நித்யாவின் அப்பா. நல்ல தண்ணீர் அன்று. தலையில் விழுந்தால் காதில் வேறொன்றும் நுழையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் நீ எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறாய். வாய் திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை. உன் பக்கத்தில் என் பிள்ளை இல்லை.

எத்தனை பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன் என்று தெரியாது. வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. வந்து பார்த்தால் பிள்ளை உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நேந்திரங்காய்ச் சிப்ஸ் தின்றுகொண்டிருக்கிறான். நீ பெட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாய்.

"கதவு தொறந்துட்டு கோமு! உள்ளேர்ந்து ஒரு பொம்பள வந்து இவ கையில இருந்த விளக்க வாங்குனா. பொறவு ரெண்டுன்னு ஒரு நம்பரு மின்னி மின்னி நின்னுச்சுட்டி. ரெண்டாவது பாகம் இருக்கு!"

ஆட்டம் முடிந்து, பெட்டியில் நேரம் காட்டும் மணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவு மூடியிருந்தது.

எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்திருந்தது. அந்தப் பயத்தையெல்லாம் உன் மேல் கொட்டினேன். "இதுக்கா கத்துன? தோத்துட்டு கதை விடுதியா? பொய்க்காரி!" முடி உலர்த்திக்கொண்டிருந்த அத்தனை பொம்பளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். உன் முகம் எப்படிப் போனது என்பதை நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி சேலையைப் பிழிந்தேன்.

"நான் பொய் சொல்லுதேனா கோமு?" என்றாய், மெதுவாக.

நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் நாத்தனார் சொன்னாள்: "அவ சினிமாக் கொட்டாயில இருந்து வந்திருக்கா, ரெண்டாம் பாகம் காட்டுதா."

மறுபடி மூன்று ஒன்பது எடுத்துக் காட்டிவிடலாம் என்று நீ வீம்பாக உட்கார்ந்தாய். ஆனால் அன்றைய சாரல் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் கண்ணாடி மங்கியது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. உன் சாட்சி அதோடு போயிற்று. நாத்தனார் வைத்த பெயர் மட்டும் நின்றது. நீ எதைச் சொன்னாலும், புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மலிந்துவிட்டது என்றால்கூட, "ரெண்டாம் பாகமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை.

உனக்கு அரபு ஓத வரும், தமிழ் எழுத வராது. அண்ணாச்சிக்கு நீ சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி வைத்தாய்: அந்த விளையாட்டின் இரண்டாவது பெட்டி வந்துவிட்டதா என்று கடையில் கேட்கவும். முதலில், பெருநாளைக்குள் வந்துவிடும் என்று கடைக்காரன் சொல்வதாகப் பதில் வந்தது. அடுத்ததில், ஹஜ்ஜுப் பெருநாள். பிறகு அடுத்த வருஷம். நீ அந்தத் தவணைகளையெல்லாம் மனசில் வைத்துக் காத்திருந்தாய். கடைசியாக வந்ததை நான்தான் உனக்கு வாசித்தேன். "அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று கடைக்காரன் நாலு பேர் முன்னால் சிரிக்கிறான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனி அதைப் பற்றி எழுதாதே."

"சரி, மடிச்சு வை" என்றாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அன்னைக்கே சொன்னேன்லா?" என்றேன்.

அதற்குப் பிறகும் நீ என்னோடு பேசாமல் இருக்கவில்லை. உள்ளி உரித்தோம், பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். ஆனால் நீ எதைச் சொன்னாலும் கடைசியில் "நம்புனா நம்பு" என்று சேர்க்க ஆரம்பித்தாய். முன்பு அந்த வார்த்தை உன் வாயில் கிடையாது. அண்ணாச்சி குவைத்தை விட்டு வந்து சென்னையில் கடை வைத்தபோது நீயும் போய்விட்டாய். உன் மகள் கையெழுத்தில் ஒரே ஒரு கடிதம் வந்தது. எல்லா நலமும் எழுதி, அடியில்: "ரெண்டாவது இன்னும் வரவில்லையே கோமு?" நான் என்ன பதில் போட்டேன் தெரியுமல்லவா? பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இந்தச் சின்னப்பிள்ளைத்தனம் எதற்கு என்று எழுதினேன். பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கண்மூடிய அன்று உன் மகள்தான் போன் செய்தாள், "உம்மா மௌத்தாயிட்டாங்க அத்தை" என்று.

இப்போது தாளுக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு நித்யாவிடம், "நீ மட்டும் என்ன பெரிய ஆளு, நாங்களும் ஆடியிருக்கோம்" என்று விளக்குக்காரியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவள் மறக்காமல் தேடியிருக்கிறாள். அந்த நாலு தாளும் பழைய விளையாட்டுகளின் கதையைச் சேர்த்து எழுதுகிற யாரோ ஒருவன் எழுதியவை. அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டேன்.

இரண்டாவது பாகம் இருந்தது. கேட்டாயா? இருந்தது! செய்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டிக்குப் படம்கூட வரைந்துவிட்டார்கள். வரும் என்று ஊர் ஊராகக் கடைகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், வேலை முடியப்போகிற நேரத்தில் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். உன் வீட்டு அண்ணாச்சியிடம் கடைக்காரன் முதலில் சொன்னதெல்லாம் சத்தியம். நாலு பேர் முன்னால் சிரித்ததுதான் பொய்.

"ஏன் நிறுத்துனானாம்?" என்றேன்.

"முதல் பாகம் வாங்குனவங்களுக்கு ஆர்வம் போயிருச்சுன்னு நெனச்சாங்களாம் ஆச்சி."

ஆர்வம் போய்விட்டதாமே! யாரைக் கேட்டார்கள்? உன்னைக் கேட்டார்களா? ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் முடிவு செய்திருப்பார்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று ஒரு வரி சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? இருந்தது, நிறுத்திவிட்டோம் என்று அந்தக் கடைக்காரன் வாயில் ஒரு வார்த்தை வந்திருந்தால் உனக்குப் பொய்க்காரி என்ற பெயர் இருந்திருக்காதே. விளையாட்டை நிறுத்தியதற்குக்கூட நான் இவ்வளவு வேகப்படவில்லை. இல்லவே இல்லை என்று ஆக்கினார்கள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுது, நான் சொல்கிறேன் என்றேன். அந்தக் கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்றாம். திட்டுவதற்கு விலாசம்கூட வைக்காமல் போயிருக்கிறார்கள்.

"இதெல்லாம் எங்க வேலைல சகஜம் ஆச்சி" என்றாள் நித்யா.

"சகஜமா? அந்த வார்த்தைய என் வீட்டுல சொல்லாத."

அவள் தாள்களை அடுக்கி மடித்தாள். பிறகு, "போன வருஷம் நான் செஞ்ச ஒண்ணையும் பாதில நிறுத்திட்டாங்க. செஞ்சவங்களும் அழுவாங்க ஆச்சி. நான் அழுதேன்" என்றாள். பெருமையாகப் பீற்றிக்கொண்டு திரிந்தேனே, பிள்ளை அழுதது எனக்குத் தெரியவில்லை. அவளுடைய மேலதிகாரிகளையும் சேர்த்துத் திட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆத்திரம் அடங்காமல் புளியங்குடிக்கு, என் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"மைனி, அந்த ரெண்டாம் பாகம் நெசந்தானாம்."

"எந்த ரெண்டாம் பாகம்?"

"குத்தாலத்துல, அவ சொன்னாள்ள? நீங்க பேரு வச்சியள்ள?"

"நானா? நான் என்னத்த பேரு வச்சேன்? எவளச் சொல்லுத?"

பெயர் வைத்தவளுக்கு நினைவில்லை. நீ அதைச் சென்னை வரைக்கும் சுமந்துகொண்டு போனாய்.

பெங்களூருக்குக் கிளம்பும் முன் நித்யா தன் போனை நீட்டினாள். மூன்று ஒன்பது எடுத்தால் வருகிற அந்தக் கடைசிக் காட்சியை யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்களாம். "கதவு தொறக்குதான்னு பாத்துருவோமா ஆச்சி?"

"வேண்டாம், அணை" என்றேன்.

அவளுக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. பார்த்துவிட்டு நம்புகிற காரியத்தை வழியில் போகிறவனும் செய்வான். நான் பார்க்காமல் நம்பியிருக்க வேண்டியவள். கதவு திறந்தது, ஒரு பொம்பளை வந்து விளக்கை வாங்கினாள், இரண்டு என்று மின்னியது. நீ சொன்னாய், அது போதும். அந்தப் படத்தைச் சாகும்வரை நான் பார்க்கப்போவதில்லை.

உன் மகளுக்கு இன்று கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். அதில் கேட்டிருப்பதை உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். என் மனசில் இருக்கும் உன் முகம் முப்பத்தைந்து வயது முகம், சுவரில் சாய்ந்து என்னைக் கேலி செய்த முகம். அதனிடம் நான் பேச முடியாது. நான் சொன்ன வார்த்தையை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு நரைத்தாயே, அந்த முகத்திடம்தான் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. அதை நான் பார்த்ததே இல்லை. உம்மாவைக் கடைசியாக எடுத்த போட்டோ ஒன்றைப் புதுப்பிரதி போட்டு அனுப்பு. செல்போனில் வேண்டாம், தபாலில் அனுப்பு, கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.