கணக்கில் வராத கிலோமீட்டர்கள்

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸில் புதிதாக ஒன்றைக் கிளப்பியிருக்கிறார்கள். அவரவர் வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு கார்பன் காற்றில் போகிறது என்று கணக்கெடுத்து, ஆறு வாரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்ட வேண்டுமாம். எங்கள் டீமுக்குப் பொறுப்பு என் தலையில். கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிற முந்நூறு பேர் விளக்கை அணைத்தால் உலகம் குளிர்ந்துவிடுமா என்று தெரியவில்லை. ஆனால் மகள் அஸ்வதிக்கு ஒரே உற்சாகம். ஏழாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து எதற்கும் ஒரு பட்டியல் போடுகிறாள். கரண்ட் பில், கேஸ் சிலிண்டர், கார் என்று மூன்று கட்டம் வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். தினமும் சாயங்காலம் அப்பா வந்ததும் காரின் ஓடோமீட்டரைப் பார்த்துக் குறிப்பது அவள் பொறுப்பு.

அவள் அப்பா ஜெயகுமார் மட்டும், "காரெல்லாம் எதுக்கு? கரண்டை மட்டும் பாத்தா போதாதா?" என்றார்.

சோம்பல்தான். வேறென்ன.

ஜூன் 4, புதன்

ஏசி இல்லாமல் முதல் இரவு. மழை பெய்ததால் பிழைத்தோம்.

ஜூன் 8, ஞாயிறு

அரிசியை ஊறவைத்துத்தான் உலையில் போடுகிறேன். கேஸ் மிச்சமாவது கண்ணுக்குத் தெரியாது, நம்பித்தான் செய்ய வேண்டும். கரண்ட் யூனிட் நன்றாகவே குறைகிறது. கார் கட்டம்தான் இடிக்கிறது. செவ்வாய் 35. புதன் 106. வியாழன் 34. வெள்ளி 107. சனி 36.

இங்கிருந்து கரமனையில் அவருடைய டைல்ஸ் ஷோரூமுக்குப் போய்வர முப்பத்தைந்துதான். பிள்ளை எண்ணைத் தப்பாகப் பார்த்திருப்பாள் என்றேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது, வந்தால் ஸ்கூல் மலையாளம் கலந்துவிடும். "அம்மா, எனக்கு நம்பர் வாசிக்க அறியும்."

ஜூன் 9, திங்கள்

நானே பார்த்தேன். நேற்று இரவு குறித்தது, இன்று மாலை குறித்தது. 105.

காலை ஐந்து மணிக்கே கிளம்பினார். "லோடு வருது." மார்ச்சிலிருந்தே திங்கள், புதன், வெள்ளி லோடு என்றுதான் போகிறார். நான் பாதித் தூக்கத்தில் தலையாட்டியிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

கேட்டேன். கஸ்டமர் வீட்டுக்கு அளவெடுக்கப் போனாராம். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஷூவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூடுதல் எழுபது கிலோமீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கார்பன். இரண்டு இரவு நாங்கள் வியர்த்துக் கிடந்து மிச்சம் பிடித்ததை ஒரு காலையில் கார் தின்றுவிடுகிறது. அது போகட்டும். போய்வர எழுபது கிலோமீட்டர் ஆகிற தூரத்தில் அவருக்கு என்ன இருக்கிறது? யார் இருக்கிறார்கள்?

ஜூன் 11, புதன்

106.

பக்கத்து சீட் பிஜியிடம் வேறு யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னேன். அவள் சிரித்தபடி, "மனுஷன் பொய் பறையும் சேச்சி, ஓடோமீட்டர் பறையாது" என்றாள். ஓடோமீட்டர் பொய் சொல்லாது என்பதையே நினைத்துக்கொண்டு டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

செய்யக் கூடாததைச் செய்தேன். ஷோரூமில் அவருக்குக் கீழே வேலை செய்கிற தளவாயை ஃபோனில் கூப்பிட்டு, நாளைக் காலை எத்தனை மணிக்கு லோடு என்று கேட்டேன். தெரியாத மாதிரி கேட்க எனக்கு வரவில்லை.

"லோடு வியாழக்கிழமைதான் அக்கா, அதுவும் பத்து மணி ஆவும். சாரு திங்க, புதன், வெள்ளி ஒம்பதரைக்குத்தானே வருவாரு. வீட்டுல ஒரு காரியம்னு சொல்லியிருக்காரே... உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டில் ஒரு காரியம். எந்த வீட்டில்?

ராத்திரி சாப்பிடும்போது அவர் அஸ்வதியிடம் தோசைக்குச் சட்னி போதுமா என்று கேட்டார். எவ்வளவு சாதாரணமாக! எனக்குத் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

இன்று ஆபீஸ் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடிக்கும்.

நாலே முக்காலுக்கு எழுந்தேன். எதிர்வீட்டு பிரேமாக்காவிடம் நேற்றே சொல்லி வைத்திருந்தேன், அஸ்வதியை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடச் சொல்லி. ஜெயகுமார் குளிக்கப் போனதும் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க போறீங்களோ அங்க நானும் வாறேன்."

கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஏறினார். பைபாஸில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். பாலராமபுரம் தாண்டியது, நெய்யாற்றின்கரை தாண்டியது.  அந்தப் பெண் எப்படி இருப்பாள், என்ன வயதிருக்கும், நான் முதலில் என்ன சொல்ல வேண்டும்... வழி முழுக்க இதுதான். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

களியக்காவிளையில் ஒரு பூட்டிய கடையின் முன்னால் வண்டியை நிறுத்தினார். மெலிந்த ஆள் ஒருவர் துணிப்பையோடு நின்றிருந்தார். முகம் வீங்கி, கால் வீங்கி, நிறம் கறுத்து. யாரோ என்று நினைத்தேன். அவர் குனிந்து உள்ளே பார்த்து, என்னைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனபோதுதான் தெரிந்தது. சிவதாணு அத்தான். இவருடைய அண்ணன்.

மூன்று வருஷம் முன்பு குடித்துவிட்டு அஸ்வதியை ஸ்கூட்டரில் வைத்து ஓட்டிக் கீழே போட்டவர். பிள்ளையின் முழங்கையில் இன்னும் பிளேட் இருக்கிறது. இனி இந்த வாசல் ஏறக் கூடாது என்று நான்தான் சொன்னேன். இவரும் சரி என்றார்.

"நான் பஸ்ஸுல வாறேன்டே, நீ போ," என்றார் அத்தான்.

"ஏறு அண்ணே."

பின்சீட்டில் ஏறினார். பாறசாலை வரைக்கும் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு தம்பியிடம் கேட்பது போலக் கேட்டார், "பிள்ளைக்குக் கை நல்லா மடங்குகா?"

இவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாம். வாரம் மூன்று டயாலிசிஸ். மார்த்தாண்டத்தில் இடம் கிடைக்காமல், இங்கே நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காலை ஏழு மணிக்கு இவர் இடம் வாங்கியிருக்கிறார். திரும்பும்போது அத்தான் பஸ்ஸில் போய்க்கொள்கிறாராம், அந்த உடம்போடு.

அவரை உள்ளே விட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்ததும் நான் கத்தினேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். மூணு மாசமா மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்கீங்களே, நான் என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா?

அவர் மெதுவாகத்தான் பேசினார். "சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவ. நீ சொல்றதுல தப்பும் இல்ல. போகாம இருந்தா அவன் செத்துருவான். நான் என்ன செய்ய, செல்வி?"

ஜூன் 14, சனி

அவர் என்னோடு பேசுகிறார். நான் பேசவில்லை.

ஜூன் 18, புதன்

இன்றும் போனார். "அண்ணனைக் கூட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் இல்லை என்பது ஒரு நிம்மதியா? தெரியவில்லை.

ஆபீஸ் படிவத்தில் ஒவ்வொரு பயணத்தையும் தவிர்க்கக்கூடியது, தவிர்க்க முடியாதது என்று பிரித்து எழுத வேண்டும். எங்கள் வீட்டு மொத்தத்தில் பெரிய துண்டு இந்த மூன்று காலைகள்தான். அதை எழுதாமல் விட்டுவிட்டால் நாங்கள் ஜெயித்த மாதிரி. விட்டுடு சேச்சி, ஆரும் கேக்கில்லா என்கிறாள் பிஜி. அரை மணி நேரம் அந்த இரண்டு கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தவிர்க்கக்கூடியது என்று போட்டால் அதற்கு என்ன அர்த்தம்? ஓர் ஆளை அல்லவா அந்தக் கட்டத்தில் தள்ளுகிறேன்.

தவிர்க்க முடியாதது என்று போட்டேன். போட்ட பிறகும் கோபம் தீரவில்லை. அந்த ஆள் மீது எனக்கு இன்னும் கோபம்தான். பிள்ளை ஆஸ்பத்திரியில் அலறிய அலறல் என் காதை விட்டுப் போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மழையில் பஸ் கிடைக்காமல் அத்தான் கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டாராம். யாரோ ஜெயகுமாரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இவரே கொண்டுபோய் ஊரில் விட்டுவந்தார், இன்றைக்கு 178.

ஜெயகுமார் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "குடி?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. தொடல."

நம்மூரில் இந்தப் பேச்சை நம்பி ஏமாந்தவர்கள் எத்தனை பேர்! ஆனால் குடிக்கிற உடம்பில்லை அது, நானே பார்த்தேன்.

ஆஸ்பத்திரி அவர் ஷோரூம் போகிற வழியில்தான் இருக்கிறது. அத்தான் இங்கே இருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாகாது. இது கணக்கு. கணக்கு எல்லோருக்கும் போட வரும். நான் வாயைத் திறக்க வேண்டுமே.

ஜூன் 22, ஞாயிறு

அத்தான் இங்கே வந்து தங்கலாமா என்று முடிவு சொல்ல வேண்டியது நான் அல்ல, இவரும் அல்ல. அஸ்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார் எங்கே போனது என்பதையும். கேட்டுவிட்டு முழங்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இப்போ குடிக்க மாட்டாரா பெரியப்பா? உறப்பா?"

"அப்பா அப்படித்தான் சொல்றாரு. எனக்கு உறுதியாச் சொல்ல முடியாது."

ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளைப் பார்த்தாள். "வரட்டே. ஆனா நான் அவர்கூட வண்டியில கேற மாட்டேன்."

"ஏற வேண்டாம். ஒருநாளும்."

சமையலறையில் நின்றிருந்த ஜெயகுமார் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஜூன் 29, ஞாயிறு

வந்துவிட்டார். ஒரு பையும் ஒரு தலையணையும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். வாங்க என்று நான் சொல்லும்வரை.

ஜூலை 4, வெள்ளி

வாரம் முழுக்கக் காருக்கு 35, 36. கரண்டு ஏறிவிட்டது, பின்னறையில் பகலெல்லாம் ஃபேன் ஓடுகிறது. நான் அணைக்கப் போவதில்லை. உப்பில்லாத குழம்பு தனியாக வைக்கிறேன். அத்தானுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அஸ்வதி அளந்து பாட்டிலில் ஊற்றி மேஜையில் வைக்கிறாள். நேருக்கு நேர் இன்னும் பேசவில்லை. அவளும் அவரும்.

ஜூலை 14, திங்கள்

ஜெயகுமாருக்கு இன்று நிஜமாகவே காலையில் லோடு. நான் லீவு போட்டு அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். போகும்போது பஸ். வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி: "நான் செஞ்சது எனக்கு மறக்கல, கேட்டியாம்மா." நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். "எனக்கும் மறக்கல அத்தான்" என்றேன். அவர் தலையாட்டினார்.

உள்ளே படுக்க வைத்து ஊசி குத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பது மணி சுமாருக்கு நர்ஸ் ஒரு தாளோடு வந்து, "சிவதாணுவின்டெ பைஸ்டாண்டர் ஆரா?" என்று கேட்டாள். நோயாளிக்குத் துணைக்கு வந்திருப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"நான்தான்," என்று எழுந்து போனேன்.