நடுவில் நிற்கும் சுரம்

நவம்பர் 16

மழை. கெய்ரோவில் எப்படியோ, கடலோரத்து இந்த ஊரில் குளிர்காலப் புயல்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இன்று வந்தது 'துடைப்பம்'. கடற்கரைச் சாலையைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறது.

ஒத்திகைக்குத் தாமதம் என்று சொல்ல டிராமிலிருந்து ஃபிக்ரியைக் கூப்பிட்டேன். பையைத் தோள் மாற்றும்போது போனையும் காது மாற்றினேன். மணியோசை இடது காதில் சற்று சுருதி இறங்கிக் கேட்டது. வலதுக்குக் கொண்டுவந்தால் ஏறியது. போன் பழசு.

ஜனவரிக் கச்சேரியை எங்கள் 'உப்பு வீடு' பாட்டோடு முடிக்கலாம் என்கிறான் பிஷோய். அவன் கிடார், ஃபிக்ரி மடியில் கானூன் என்ற அரபுத் தந்தி வாத்தியம், நடுவில் பாட நான். டிரம்ஸ்காரர்கள் வந்தார்கள், போனார்கள். நாங்கள் மூவரும் இருபது வருஷமாக இப்படியே. ஆரம்பத்தில் அரபு இசைக்காரர்கள் எங்களை இரைச்சல் என்றார்கள். ராக் பையன்கள் கல்யாண வீட்டுக் கோஷ்டி என்றார்கள். இந்தப் பாட்டு வந்த பிறகுதான் இரு தரப்பும் அடங்கின.

அதன் மூன்றாவது அடி இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்கும் அந்தப் பாதிச் சுரத்தில் முடியும். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை; அழுகைக்கு முந்திய இடம். அங்கே கூட்டம் 'இன்னொரு தடவை' என்று கேட்கும். ராக் கச்சேரியில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. எங்களிடம் கேட்பார்கள். டிரம்ஸ் நிற்கும், நான் திரும்பப் பாடுவேன். ஒருமுறை ஏழு தடவை.

நவம்பர் 19

வீட்டு டெலிபோனிலும் அப்படித்தான் கேட்கிறது. அப்படியென்றால் கோளாறு போனில் இல்லை.

நவம்பர் 27

காது டாக்டர் என்னை விடச் சின்னப் பெண். கல்லூரியில் எங்கள் பாட்டுக் கேட்டுத்தான் படித்தாளாம்.

"மேடையில டிரம்ஸ் உங்களுக்கு எந்தப் பக்கம் மேடம்?"

"இடது."

தலையாட்டினாள். இடது காது சுரத்தை இறக்கிக் கேட்கிறது, வலதும் மெல்ல அதன் பின்னால் போகிறது, போனது திரும்பாது — இவ்வளவையும் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

"அப்போ நான் தப்பாப் பாடறேனா?"

"அது உங்களுக்குத் தெரியாது மேடம். பக்கத்துல நிக்கறவங்களைக் கேளுங்க."

நவம்பர் 30

பிஷோயைக் கேட்டேன். கிடாரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, எங்க கிறிஸ்துமஸ் நோன்பு ஆரம்பிச்சு அஞ்சு நாள்தான் ஆகுது. பாலு, முட்டை, கறி எல்லாம் விட்டாச்சு. இப்ப என்னைப் பொய் சொல்ல வெக்காதீங்க."

"அப்ப நிஜத்தைச் சொல்லு."

"ஃபிக்ரி அண்ணனைக் கேளுங்க. அவர் நோன்பு இல்ல."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகுதான், அவன் பதில் சொல்லிவிட்டான் என்று உறைத்தது.

டிசம்பர் 4

அடுத்த புயல். ஒத்திகை அறையில் நானும் ஃபிக்ரியும் மட்டும். அவன் சூடாக சஹ்லப் பால் வாங்கக் கீழே போனான். நான் கானூனின் துணியை விலக்கினேன். ஏன் விலக்கினேன்? எதைத் தேடினேன்?

ஒவ்வொரு சுரத்தின் கம்பிகளுக்கு அடியிலும் சின்னச் சின்னத் தகடுகள். தூக்கினால் சுரம் ஒரு மயிரிழை ஏறும். எல்லாம் அவன் விரல் பட்டுக் கறுத்தவை. அந்தப் பாதிச் சுரத்தின் கம்பிகளில் மட்டும் தலா ஒரு தகடு அதிகமாக, பளபளவென்று, புதிதாக.

இரண்டு கோப்பையோடு வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"இது எப்போ போட்டே?"

"எது?"

"கண்ணாடி போட்டுப் பாருங்க ஐயா."

"கடல் ஈரம். கம்பி எறங்குது."

"ஃபிக்ரி, நாம ஒரே வகுப்புல படிச்சவங்க."

"ஆமா. நீ என்னைப் பாத்து எழுதித்தான் பாஸ் பண்ணே." கோப்பைகளைக் கீழே வைத்தான். "போன ரமலானுக்கு முன்னாடி. கொஞ்சமா மேல போறே. ரொம்ப இல்ல. நானும் உன்கூட மேல வந்துட்டேன், அவ்வளவுதான்."

"மத்த சுரமெல்லாம்?"

"அதுக்கெல்லாம் பிடிச்சுக்க சுவர் இருக்கு. இது ஒண்ணுதான் நடுவுல தனியா நிக்குது."

"பிஷோய்?"

"கிடார் கழுத்துல அந்தச் சுரத்துக்குன்னு தனியா மெட்டுக்கட்டை பதிச்சிருக்கான், அதை நகத்த முடியாது. அதனால அந்த இடத்துல கையை எடுத்துடறான்."

எனக்கு இடம் விடுகிறான் என்று நினைத்திருந்தேன். போன மாதம் அதற்காக அவனைப் பாராட்டினேன்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்திடுவே ஷாஹிந்தா."

சஹ்லப் ஆறி ஏடு கட்டிவிட்டது.

டிசம்பர் 5

கோபம் வரவேண்டும். வரவில்லை.

டிசம்பர் 21

இடது காதில் பஞ்சு. ஃபிக்ரி அந்தச் சுரத்தைப் பழைய தகட்டில் மீட்டினான். முதல் தடவை பிடித்தேன். மூன்றாவது தடவையில் ஏறிவிட்டேன். காது மட்டும் இல்லை, என் ஞாபகமே ஏறிவிட்டது.

"புதுத் தகட்டுலயே வெச்சுக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

முன்வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். என் வாயையே பார்த்துக்கொண்டு கூடப் பாடுவார்கள். வீட்டுக்குப் போயும் பாடுவார்கள். அவர்கள் கையில் எந்தச் சுரத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்?

"பழைய தகட்டுல வை. கச்சேரி அன்னிக்கு அந்தச் சுரம் உன்னோடது."

"நீ?"

"வாயை மூடிக்கறேன்."

"அது உன்னால முடியாத காரியமாச்சே."

பிறகு நெடுநேரம் கம்பிகளைத் துடைத்தான். சுத்தமாகத்தான் இருந்தன.

ஜனவரி 9

கச்சேரி முடிந்தது. 

மூன்றாவது அடி. கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். ஃபிக்ரி அந்தச் சுரத்தைத் தொட்டான். பிஷோய் கையை எடுக்கவில்லை. அவனும் சேர்ந்து வாசித்தான்.

எனக்கு அது தவறாகக் கேட்டது. தாழ்ந்து, தளர்ந்து. அத்தனை பேர் கூடிய அரங்கில் எனக்கு மட்டும். சரிதானா என்று அறிய முன்வரிசை முகங்களைப் பார்த்தேன். ஒரு பெண் கண்ணை மூடியிருந்தாள்.

"இன்னொரு தடவை."

கேட்டார்கள். திரும்பக் கேட்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

உடை மாற்றும் அறையில் பிஷோய்: "முந்தாநேத்து எங்க கிறிஸ்துமஸோட நோன்பு முடிஞ்சுது அக்கா, இனிமே பொய் சொல்லலாம். ஆனா இது நிஜம். இன்னிக்கு சரியா இருந்துச்சு."

மார்ச் மாதக் கெய்ரோ கச்சேரிக்கு வேறு குரல் பார்க்க அவனிடம் சொல்லிவிட்டேன். 

ஜனவரி 28

இன்றைய புயலின் பெயர் 'தாராளம்'. நாள் முழுக்கக் கொட்டியது.

மதியம் ஃபிக்ரி வீட்டுக்குப் போனேன். கானூன் சோபாவில் கிடந்தது. புதுத் தகடுகளைக் கழற்றியிருக்கவில்லை.

"இன்னும் ஏன் வெச்சிருக்கே?"

"கெடக்கட்டும்." ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினான். "பாடு. இங்க யாரும் இல்ல."

பாடினேன். என் காதுக்கு எல்லாம் சரியாக இருந்தது.