இரண்டாம் பகுதியில் ஓர் இருமல்

சித்தூர்
20 அக்டோபர் 2024

முரளிதரன் அவர்களுக்கு,

உன் கார்டு கிடைத்தது. ‘அவர்கள்’ என்று தொடங்கிவிட்டு ‘உன்’ என்று எழுதுவது முறையில்லைதான். பன்னிரண்டு வருடமாகப் பேசாதவனை வேறு எப்படி அழைப்பது?

காலேஜ் நாளில் நாம் பைத்தியமாகக் கேட்ட அந்த மேற்கத்திய ஏழாவது சிம்பொனியில் இப்போது எனக்குப் பிடித்த பதிவு எது என்று கேட்டிருக்கிறாய். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான், பொய் சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் பதினோரு பதிவுகள் இருக்கின்றன. பெர்லின் வாத்தியக்குழு வாசிப்பது நம் குப்பம் ஊர்க் கிரானைட்டுக்குப் பாலிஷ் போட்ட மாதிரி. முகம் தெரியும், கால் வழுக்கும். லண்டன் பதிவில் இரண்டாம் பகுதியை ஏதோ துக்க வீட்டுக்குப் போவதுபோல இழுக்கிறார்கள். இருப்பதில் உருப்படியானது ஐம்பதுகளில் வியன்னாவில் பதிந்தது. கரகரப்பு உண்டு, ஆனால் அத்தனை பேரும் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள்.

அதுவும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. காரணம் நீ. 1991இல் திருப்பதி ஹாஸ்டலில், புரொபசர் ஒரே ஒரு ராத்திரிக்குக் கொடுத்த இசைத்தட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தோம். முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்பது நம் சட்டம். இரண்டாம் பகுதியில் எல்லாம் அடங்கி, வயலின்கள் மட்டும் கிசுகிசுக்கிற இடத்தில் நீ இருமினாய். இன்றைக்கும் எந்தப் பதிவைப் போட்டாலும் அந்த இடத்தில் என் காது உன் இருமலுக்குக் காத்திருக்கிறது.

உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இதைச் சொன்னதற்குத்தானே, இலையில் பாதிச் சோறு இருக்கும்போது “போதும், எழுந்திருடா” என்றாய்? நான் எழுந்தேன். அதை மறக்கவில்லை.

தரணி


புத்தூர்
24 நவம்பர் 2024

அன்புள்ள தரணிக்கு,

உன் கையெழுத்து மாறவே இல்லை. இன்னமும் எழுத்துகள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு தள்ளித் தள்ளித்தான் நிற்கின்றன. வீட்டில் சந்திராவிடம் காட்டினேன். “இன்னும் கோவம் போலயா அவருக்கு?” என்று சிரித்தாள்.

வியன்னா சரி. ஆனால் இப்போது நான் கேட்பது வேறு. முப்பது நாற்பது பேர் மட்டும், அந்தக் காலத்து வாத்தியங்களையே வைத்துக்கொண்டு வாசித்தது. வேகம் கொஞ்சம் அதிகம். ஒரு நெடில், இரண்டு குறில், இரண்டு நெடில் என்று போகுமே அந்த அடி, அதை இவர்கள் வாசித்தால் ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போகிற மாதிரி இருக்கும். இருபத்தாறு வருடம் அந்தச் சத்தத்தோடு வேலை செய்தவன் நான், எனக்குப் பிடிக்காமல் இருக்குமா?

விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டேன். வீட்டையும் விற்றாயிற்று. போகியன்று புனாவுக்கு, பையன் யோகேஷ் வீட்டுக்குப் போகிறோம். பிறகு இந்தப் பக்கம் வருவோமா, தெரியாது. டிசம்பரில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. உன் வியன்னாவையும் என் கூட்ஸ் வண்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்போம். நம் கேசட் என்னிடம்தான் இருக்கிறது, உன் கையில் கொடுத்துவிடுகிறேன். சித்தூர்க்காரர்கள் எலும்பு முறிந்தால்தான் புத்தூருக்கு வருவார்கள் என்று தெரியும். ஒருமுறை முறியாமலும் வரலாம்.

இலையிலிருந்து எழுப்பியது தப்பு. யாரையும் அப்படிச் செய்யக் கூடாது. மன்னித்துவிடு.

உன்
முரளி


சித்தூர்
12 டிசம்பர் 2024

முரளிதரனுக்கு,

இலை விஷயத்தில் உன் மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

முப்பது பேர் வாசிக்கிற சிம்பொனி, கல்யாண மண்டபத்தில் பாதி மேளக்காரர்கள் வராத மாதிரி இருக்கிறது. யூடியூபில் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். நான் பாடம் நடத்துகிற காலேஜிலும் இதே கதைதான். பாதி பேரை வைத்து நடத்துகிறார்கள். எனக்கு எட்டு வருடம் ஜூனியரைப் பிரின்சிபால் ஆக்கினார்கள். அவன் ‘சார், ஒரு நிமிஷம்’ என்று கூப்பிட்டால் நான் எழுந்து போக வேண்டும்.

பிரமிளா எங்கள் மகளோடு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைப் பக்கத்தில் இருக்கிறாள். ஒரு மாதம் என்று போனவள், இரண்டு வருடம் ஆகிறது. போனில் கேட்டால், “அங்க வந்து யாரோட பேசிக்கினு இருக்கறது? நீதான் பொட்டி பாட்டு கேட்டுக்கினு செவுத்தப் பாத்து உக்காந்துக்கினு இருப்பியே” என்கிறாள். வீட்டில் சத்தமில்லை. சிம்பொனி கேட்பதற்கு வசதிதான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இலைக்கு மன்னிப்பு இருக்கிறது, இருமலுக்கு இல்லை. ‘இருமினேன், மன்னித்துக்கொள்’ என்று ஒரே ஒரு வரி எழுது. அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

தரணி


புத்தூர்
2 ஜனவரி 2025

அன்புள்ள தரணி,

நீ கேட்ட வரியை எழுதப் பேனாவை எடுத்தேன். ஒரு வரிதானே, எழுதினால் நீ வந்துவிடுவாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை.

கேசட்டை, லீவில் வந்திருந்த யோகேஷ் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலைக் கொஞ்சம் வடிகட்டிக் கொடுத்தான். அந்தப் பென் டிரைவை இதோடு வைத்திருக்கிறேன். ஹெட்போன் போட்டுக் கேள். இரண்டாம் பகுதி பாதியில், வராந்தாவில் காலடி கேட்டு நான் வெளியே போகிற தாழ்ப்பாள் சத்தம் வரும். வராந்தாவில் பக்கத்து அறை ரமணா “ஒரேய், அன்னம் அயிபோத்துந்திரா!” என்று கத்துவான், சோறு தீர்ந்துபோகிறது என்று. கதவுக்கு வெளியே நான் அவனிடம், “கத்தாதடா, ரெக்கார்டு ஆய்க்கினு இருக்குது” என்பேன். நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக்குக்குப் பக்கத்தில் இருமல் கேட்கும். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆள்.

மறுநாள் மெஸ்ஸில் போட்டுக் காட்டினோம். “யார்டா இருமினது?” என்றான் ரமணா. நீ என்னைக் கைகாட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விளையாட்டு என்று நினைத்தேன். ‘இருமல் முரளி’ என்று பெயர் வைத்தாய், அதற்கும் சிரித்தேன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, நீயே அதை நம்பிவிட்டாய் என்று. கிரகப்பிரவேசத்தில் என் மாமனார் முன்னால், “இவன் தொட்டது எதுவும் உருப்படாது” என்று இருமல் கதையை ஆரம்பித்தாய் பார், அன்றைக்கு மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை.

இதைச் சொல்லாமலே போயிருப்பேன். நீ எழுத்தில் கேட்டுவிட்டாய்.

பன்னிரண்டாம் தேதி கடைசி ஞாயிறு. வீட்டில்தான் இருப்பேன்.

உன்
முரளி


சித்தூர்
20 ஜனவரி 2025

முரளி,

இந்த முகவரியில் நீ இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தபால்காரர் புனாவுக்குத் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். உன் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. எழுதப்போவதைப் போனில் சொல்ல என்னால் முடியாது.

உன் கடிதம் வந்தது ஆறாம் தேதி. பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். பென் டிரைவை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பன்னிரண்டாம் தேதி முழுக்க அந்த டிராயருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். போகியன்று தெருவெல்லாம் புகை. ஜன்னலைச் சாத்திவிட்டு வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாமல்தான் எடுத்துக் கேட்டேன்.

தாழ்ப்பாள் கேட்டது. ரமணா கேட்டான். நீ கேட்டாய், இருபது வயதுக் குரலில். அப்புறம் அந்த இருமல். தொண்டையை இரண்டு முறை செருமி, மூன்றாவதாக வருவது. என் அப்பாவுக்கும் அப்படித்தான் வரும். நான் மட்டுமே இருக்கிற இந்த வீட்டில் தினமும் காலையில் நான் கேட்கிற இருமல் அது.

பொங்கல் முடிந்த மறுநாள் புத்தூர் வந்தேன். உன் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா, செங்கமலம் என்று பெயர் சொன்னார்கள், வாசலுக்கு வந்து, “சித்தூரா நைனா நீங்க?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். “போகி அன்னிக்கே லாரி வந்துடுச்சி. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சந்திரம்மா இன்னொரு ஆளுக்கும் சேத்து ஆக்கி வெக்கும். அவரு வாசல் கேட்டுகிட்ட நாற்காலி போட்டுக்கினு பஸ்ஸு வர்ற பக்கமே பாத்துக்கினு இருப்பாரு. கடைசி ஞாயிறு சாயந்தரம் வரைக்கும் துன்னாம உக்காந்துக்கினு இருந்தாரு” என்றார்கள். என்னிடம் கொடுக்கச் சொல்லி ஏதாவது வைத்துவிட்டுப் போனாயா என்று கேட்டேன். “அவரு கையில ஒரு கேசட்டு இருந்திச்சி நைனா. அத மட்டும் லாரியில போடாம சட்டப் பையில வெச்சிக்கினு போனாரு” என்றார்கள்.

அது உன்னிடமே இருக்கட்டும்.

அந்த அம்மா சாப்பிடச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இலைமுன் உட்காரும் தைரியம் இல்லை.

உன் முப்பது பேர் பதிவை மறுபடி கேட்டேன். கூட்ஸ் வண்டிதான், நீ சொன்னது சரி. நேற்று வியன்னாவைப் போட்டேன். எல்லாம் அடங்கி, வயலின்கள் மட்டும் கிசுகிசுக்கிற இடம் வந்தது. யாரும் இருமவில்லை. கதவுக்கு வெளியேயும் யாரும் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை முரளி, நானே இருமினேன்.

இருமினேன், மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
இருமல் தரணி