நீலம் இருந்த வீடு

கச்சிராயபாளையம்
12-10-1987

அன்பு மகன் தமிழரசனுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இருக்கிறோம். அஞ்சலை பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அப்பாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை. உன் கண் எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுது. சேலத்து டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைக் கரியன் சம்சாரம் பாவாயி வேளைக்கு விடுகிறாளா? மலை வீடுகளில் அடுப்பு உள்ளேயே எரியும். புகை ஆகாது, நீ வாசலில் உட்கார்ந்துகொள்.

ரோட்டில் வெட்டிப் போட்ட மரங்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். டவுன் பஸ் பழையபடி ஓடுகிறது. ஆனால் மரம் வெட்டியது யார் யார் என்று போலீஸ் இன்னும் கேட்டுக்கொண்டு வருகிறது. இடஒதுக்கீடு வந்தால் நமக்கும் ஒரு வேலை கிடைக்கும் என்றுதான் நீயும் மறியலுக்குப் போனாய், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பேர் நின்ற இடத்தில் அந்தப் புளியமரத்துச் சிராய் உன் கண்ணைத் தேடி வந்து தெறித்ததே என்று நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இனி கல் விஷயம். மெட்ராஸில் ஆபரேஷன் செய்யப் பணம் வேண்டும், கையில் இருப்பது அந்த நீலக்கல் ஒன்றுதான். அணைத் தண்ணீர் பாய்ந்த நம் கரும்புக் காடு முழுவதும் விலைக்குப் போய், ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கி அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. வாங்கிய அன்று உன் அப்பா சொன்னது உனக்கும் நினைவிருக்கும். சிலோன் கல்லு, நெறத்துக்காக நெருப்புல சூடு காட்டாத கல்லு, லட்சத்துல ஒண்ணு, பணம் தேஞ்சிக்கினே போகும், இது வெலை ஏறிக்கினே போகும், ஆபத்துன்னா மடியில கட்டிக்கினு போயிடலாம் என்றார். நீலம் சனியின் கல், சேராத வீட்டைக் கெடுக்கும் என்றால், சனியாவது கினியாவது என்று பேசுகிற மனிதர். அதனால்தான் துணிந்து நீலம் வாங்கினார். மரகதமோ புஷ்பராகமோ வாங்கியிருந்தால் இந்த வம்பு இல்லை. தான் நம்பாவிட்டாலும் நாளைக்கு வாங்க வருகிறவன் நம்புவானே என்பது மட்டும் அந்தப் பகுத்தறிவுக்கு எட்டவில்லை.

கள்ளக்குறிச்சி நகைக்கடைக்காரர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டார். கல்லு நல்ல கல்லுதாம்மா, ஆனா அது இருந்த வூட்டுல புள்ளைக்குக் கண்ணு போச்சுன்னு ஊருக்கே தெரியுதே, இனிமே எவன் தொடுவான் என்றார். சேலத்துத் தரகர் வேறு வழி சொல்கிறார். நம் கதை தெரியாத வெளியூர்க்காரரைக் கூட்டி வருவாராம். நீலம் வாங்குகிறவர்கள் அது இருந்த வீட்டை வந்து பார்ப்பார்களாம். வீட்டில் ஒரு குறை கண்ணில் படக் கூடாதாம். போலீஸுக்குப் பயந்து உன்னை, கரும்பு வெட்ட வருகிற கரியனின் மலை வீட்டுக்கு அனுப்பினோம், இப்போது கல்லுக்காகவும் நீ அங்கேயே இருக்க வேண்டியதாகிவிட்டது.

அடிபட்ட கண்ணை அப்படியே விட்டால் நல்ல கண்ணையும் அது கெடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. சீக்கிரம் விற்றுவிடுவோம். பொறுத்துக்கொள். பாவாயி போடுகிற சாமைச் சோற்றை முகம் சுளிக்காமல் சாப்பிடு.

உன் அம்மா,
ராணியம்மாள்


கச்சிராயபாளையம்
9-11-1987

அன்பு மகன் தமிழரசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணில் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்தான், ஆனால் வரிகள் கோணிக்கொண்டு போகின்றனவே, ஏன்? இருட்டில் எழுதாதே.

கல்லைப் பார்க்கச் சின்னசேலத்து அரிசி மில்காரரும் அவர் சம்சாரம் லட்சுமியம்மாளும் வந்துபோனார்கள். அதற்கு முன்பே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. உன் சட்டைகளை ஆணியிலிருந்து எடுத்து மூட்டை கட்டி மாட்டுக் கொட்டகையில் வைத்தார் உன் அப்பா. பள்ளிக்கூடத்தில் எடுத்த உன் போட்டோவையும் கழற்றினார். மில்காரர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். புள்ளைங்க எத்தினிங்க என்று கேட்டார். எனக்கு ஒரே பொண்ணுதாங்க என்றார் உன் அப்பா.

நான் அப்போது காபி கொண்டுவந்து கொண்டிருந்தேன். டம்ளர் கீழே விழவில்லை. விழுந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அம்மாள் அஞ்சலையின் தலையைத் தடவி, ஒத்தப் பொண்ணு, செல்லமா வளத்துக்கீறீங்க என்றாள். நானும் சிரித்து வைத்தேன். அஞ்சலை அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கரும்பு வெட்ட இறங்கி வந்திருந்த கரியன் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயால் உனக்குத் தெரிவதற்கு முன் என் கையால் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

கல்லைக் கொண்டுபோய் மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். கெட்ட கனவு ஒன்றும் வரவில்லை, இழுத்துக்கொண்டிருந்த மில் லைசென்ஸும் அதற்குள் கைக்கு வந்ததாம். பிடித்துப் போயிற்று. அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். பாக்கிப் பணம் தை பிறந்த பிறகுதான். அதுவரைக்கும் கொடுத்தவர் வீட்டில் ஒரு கேடு இருப்பதாகத் தெரிந்தால் கல்லைத் திருப்பிவிடுவார்கள், அது அவர்கள் பக்கத்து வழக்கம். எனவே நீ தை வரைக்கும் கீழே இறங்கக் கூடாது என்கிறார் அப்பா. அட்வான்ஸை எடுத்து இப்போதே மெட்ராஸுக்குப் போகலாம் என்றேன். கேஸு கீஸுன்னு ஆயி பேரு வெளியே வந்தா அட்வான்ஸும் போயிடும், ரெண்டு மாசந்தானே என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, தமிழரசா. அவனுக்குக் கண்ணு வேணும்னுதானே இவ்வளவும் என்று என்னிடம் கத்தினார், பிறகு வாய்க்கால் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் நீ அவரை வெறுக்காதே.

உன் அம்மா,
ராணியம்மாள்


கச்சிராயபாளையம்
18-12-1987

அன்பு மகன் தமிழரசனுக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்து உன்னுடையது இல்லை. கையில் முள் குத்திவிட்டது, அதனால் பள்ளிக்கூடத்து வாத்தியாரை எழுதச் சொன்னேன் என்று இருக்கிறது. முள் குத்திய கைக்கு என்ன மருந்து போடுகிறாய் என்று கரியனிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். விடாமல் கேட்டதும், தம்பிக்கு வெயிலு ரொம்பக் கூசுதும்மா, கஞ்சிக் கிண்ணத்தைத் தடவித்தான் எடுக்குது என்றான்.

நான் செருப்புக்கூடப் போடவில்லை, அப்படியே பஸ் ஏறிச் சின்னசேலம் போனேன். மில்காரர் வீட்டில் லட்சுமியம்மாள் மட்டும் இருந்தாள். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், கல் எங்கள் வீட்டில் இருந்தபோதுதான் அவனுக்குக் கண்ணில் அடிபட்டது, உங்களிடம் மறைத்துவிட்டோம் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ப் பட்டுத் துணியோடு கல்லை எடுத்து வந்து, விரல் படாமல் என் மடியில் போட்டாள். அப்புறம் பையன் பேரு இன்னா என்று கேட்டாள். தமிழரசன் என்று சொன்னேன். வெளியார் முன்னால் உன் பெயரைச் சொல்லி எத்தனை நாளாயிற்று தெரியுமா? அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி இந்தப் பக்கத்தில் ஒருவரும் அந்தக் கல்லைத் தொட மாட்டார்கள். உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. நேற்று மட்டும் கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதுல ஒரு கீறல்கூட இல்லியே ராணி என்றார். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ. உன் போட்டோவை அஞ்சலை மறுபடியும் மாட்டிவிட்டாள். அப்பா பார்த்தார், கழற்றவில்லை.

பணம் இல்லை என்பதால் இனி யோசிக்கவும் ஒன்றும் இல்லை. சின்னசேலத்தில் ரயில் ஏறி, விருத்தாசலம் வழியாக மெட்ராஸுக்குப் போய், கவர்ன்மென்ட் கண் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்க்கப்போகிறேன். எப்படி அடிபட்டது என்று கேட்டால் நடந்ததைச் சொல்வோம். போலீஸ் வந்தால் வரட்டும். கண் தெரிகிற மகனை ஜெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இதை வாசித்துக் காட்டுகிற வாத்தியார் ஐயாவுக்கு என் வணக்கம். என் மகனுக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்த உங்களுக்குப் புண்ணியம் உண்டு. இனி வருகிற வரிகளைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள்.

தமிழரசா, வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் வெள்ளிமலைக்கு வருகிறேன். கரியன் உன்னைப் பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டி வருவான். நான் இறங்குவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி உனக்கு எதிரில் வந்து நிற்பேன். வாயைத் திறக்க மாட்டேன். நீதான் என்னைப் பார்த்து முதலில் அம்மா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிடு, ராசா.

இப்படிக்கு,
தமிழரசனின் அம்மா
ராணியம்மாள்