கிஷாலினிக்குப் பதில் சொன்னவர்கள்

அன்பு மகள் விதுஷாவுக்கு,

அம்மா எழுதுவது. கதிர்காமத்து முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். என்ன, திடீரென்று கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசலாம் என்றால் சிக்னலுக்கு ரோட்டு மேட்டில் ஏறி நிற்க வேண்டும், அங்கே நின்று கத்திச் சொல்கிற விசயம் இல்லை இது. அப்பாவுக்கு இருமல் விடவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், டாக்டர் சுருட்டை விடச் சொன்னார், உன் அப்பா டாக்டரை விட்டுவிட்டார். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், கை நீளமாக இருக்கிறது, மடித்துவிட்டிருக்கிறேன்.

போன வருஷம் மழைக்கு முந்தி நீ ஒரு கதை சொன்னாயே, நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்து அலமாரியில் கிடந்த புத்தகத்திலிருந்து. அதை எழுதிய அயர்லாந்து அம்மாவின் பேர் இன்னும் என் வாயில் நுழையவில்லை, பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு அவர் கதைக்கார அம்மா. வாலிபத்தில் நாட்டு விடுதலைக்காகப் பாவாடைக்குள் துப்பாக்கி ஒளித்துக் கொண்டுபோனவர், ஜெயிலில் கிடந்தவர், கூடப் போன தோழியைச் சுட்டுப்போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், நாடு கிடைத்த பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாகும்வரை சின்னப் பிள்ளைகளுக்குக் கதை மட்டும் எழுதினார் என்று சொன்னாய். அப்பா கேட்டுவிட்டு, அந்தம்மாவே வெள்ளக்காரி, அவங்களுக்கு வெள்ளக்காரனோட என்ன சண்டை என்றார். நமக்குத் துரைமார் எல்லாரும் ஒரே ஆள்தானே. கதை உனக்கு ஞாபகம் இருக்கும். குன்றுக்குள் குடியிருக்கிறவர்கள் ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாத்தியாரம்மா தினமும் காலையில் அவள் பேரையும் சேர்த்துக் கூப்பிடுகிறாள், கூடப் படிக்கிற பிள்ளைகளில் ஒன்று அவளுக்காக இருக்கிறேன் என்று பதில் சொல்கிறது. பதில் சொல்ல ஆள் இருக்கும்வரை குன்று அவளை முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை அப்புறம் சொல்கிறேன் என்றாய், சொல்லவே இல்லை. நான் அப்படியே பிள்ளைகளுக்குச் சொன்னேன். முன்னால் உட்கார்ந்து கண்ணை உருட்டிக் கேட்டவள் ஜெயந்தினியின் மகள் கிஷாலினிதான்.

போன வருஷ மழையில் மலை சரிந்து, தோட்டத்து மேல்பக்கம் மேற்கணக்கு லயத்து வீட்டு வரிசையில் பாதியை மூடியது உனக்குத் தெரியும். அன்றைக்குக் காய்ச்சல் என்று பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் ஜெயந்தினி கொழுந்தெடுக்கப் போனாள். மாமியாரை மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள், பிள்ளை கிடைக்கவே இல்லை. இது வரைக்கும் உனக்குச் சொன்னேன், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. பிள்ளைக் காம்பராவைத் திரும்பத் திறந்த அன்றைக்குப் பழக்க தோசத்தில் கிஷாலினி பேரையும் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலாக இருக்கேன் ஆயாம்மா என்று கத்தின. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை மகளே, கதையில் கேட்டதைத்தான் செய்தார்கள். திரும்பிப் பார்த்தால் வாசலில் கூடையோடு ஜெயந்தினி. அழவில்லை. நாளைக்கும் கூப்புடுங்கக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து தினமும் வந்து நின்று, மகள் பேரைக் கேட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவாள். கூப்பிடாமல் இருக்க எனக்கும் தைரியம் வரவில்லை. சில நாள் அந்தப் பதில் அறைக்குள்ளிருந்து வருகிறதா, பின்னால் சரிந்து கிடக்கிற மண்ணிலிருந்து வருகிறதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

இந்த வருஷம் மழை பிடித்ததும் மிச்சக் காம்பராக்களின் சுவரும் கை நுழைகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. அபாயம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், எல்லாரும் சட்டிபானையோடு கீழ்க்கணக்குக்கு இறங்கினார்கள், ஜெயந்தினி மட்டும் அசையவில்லை. கொழும்பிலிருந்து புருசன் வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். எம் பிள்ள வந்தா எங்கன்னு தேடும், தெனமும் பதில் சொல்லுது, நீங்க கேக்கலையா என்று அவனையே கேட்டாள். எனக்கு உன்மேலும் கோபம், அந்தக் கதைக்கார அம்மாமேலும் கோபம். பிள்ளைகளுக்கு நரி கதை, முயல் கதை சொன்னால் போதாதா, இதை எதற்கு எழுதினார் என்று திட்டினேன். திட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் சுடப்பட்ட அந்தத் தோழி ஞாபகத்துக்கு வந்தாள். சண்டையைப் பற்றிப் பேசாத வாய், பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுபோல அவள் பேரைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் பதில் சொல்வார்கள் என்று நம்பியிருக்கிறார், பாவம். அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. ஜெயந்தினியிடம் போய், பேரு எங்க கூப்புடுறோமோ புள்ள அங்கதானே வரும், நாளையிலிருந்து கீழ்க்கணக்கு கோயில் மண்டபத்திலதான் கூப்புடப்போறேன், நம்ம முன்னோருங்க சாமியவே ஊர்லருந்து ஒரு பிடி மண்ணாத்தானே இந்த மலைக்குக் கொண்டாந்தாங்க, நீயும் பிடிமண் எடுத்துக்கிட்டு வா என்றேன்.  அவள் எழுந்து போய், சரிந்த இடத்தில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். வழி நெடுக, வாடி கிஷா, பாத்து வா, வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். பின்னால் வந்த எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் மண்டபத்தில் பேர் கூப்பிட்டேன். பிள்ளைகளுக்கு அப்போதுதான் திரிபோஷா சத்துமா உருண்டை கொடுத்திருந்தேன், வாய் நிறைய மாவு. கிஷாலினி என்றேன். ஒரு பிள்ளையும் பேசவில்லை. நானும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது தூணோரம் உட்கார்ந்திருந்த ஜெயந்தினி மடியில் இருந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கேன் ஆயாம்மா என்றாள். அவள் குரல் இல்லை விதுஷா, பிள்ளையின் குரல். வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த உன் அப்பா கோடரியைப் போட்டுவிட்டு ஓடிவந்து யாரு அது என்றார்.  அந்த வாரமே மேலே மிச்சமிருந்த லயமும் மண்ணோடு போய்விட்டது, அவள் படுத்திருந்த காம்பராவும்தான். அவள் இப்போது நம் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், வேலைக்கும் போகிறாள். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

இவ்வளவும் எதற்கு எழுதினேன் என்றால், கிஷாலினி போன செய்தியைச் சொன்ன நாளிலிருந்து நீ குரல் கொடுப்பதே இல்லை. சாப்பிட்டேன், வேலை, நல்லா இருக்கேன் என்று எழுத்தில்தான் அனுப்புகிறாய். அந்தக் கதையைச் சொன்னதால்தான் இப்படி ஆனது என்று உன்னையே வதைத்துக்கொள்கிறாய், பெற்றவளுக்கு அது தெரியாதா. மலை சரிந்தது மழையால் மகளே, கதையால் இல்லை. அந்தக் கதையால்தான் ஒருத்தி இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். மிச்சக் கதை நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் எனக்குச் சொல்லிவிடு, நான் பயப்படமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, வெள்ளிக்கிழமை மறக்காமல் திருநீறு பூசு. எல்லாத் தெய்வமும் உனக்குத் துணையாக நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தினமும் காலையில் எல்லாப் பேரும் முடிந்த பிறகு மெதுவாக உன் பேரையும் கூப்பிடுகிறேன். பிள்ளைகள் வாயைத் திறக்கப் பார்க்கிறார்கள், நான் விடுவதில்லை. உனக்காக வேறு யாரும் பதில் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ரோட்டு மேட்டில் நிற்பேன், நீயே உன் குரலில் சொல்.

இப்படிக்கு,
உன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்
அம்மா இராக்கம்மா