பெரிய டார்ச்

புதன், இரவு

இன்று இவருக்கு லீவு. சாயங்காலம் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டி பஜாருக்கு டார்ச் வாங்கப் போனோம். இவர் சட்டைப் பைக்குச் சின்னதாக ஒன்று, கரண்ட் போனால் வீட்டுக்கு ஒன்று. இரும்பு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில்தான் நடந்து வருகிறார். போன வாரம் கால்வாயில் விழுந்துவிட்டார்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எரித்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் இவர், “மங்கலா கீதுபா, வேற காட்டு” என்றார். கடைசியில் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, இருப்பதிலேயே பெரிய டார்ச்சின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தார். எனக்குக் கண் கூசியது.

“இதுவும் அவ்ளோதானா?” என்றார் இவர்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“டார்ச்சு நல்லாத்தான் எரியுதா?” என்று இவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“நல்லாத்தாங்க எரியுது. நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம்.”

இவர் பெரியதை மட்டும் வாங்கினார். வெளியே வந்ததும் என் கையில் கொடுத்தார்.

“இத்த நீ வச்சிக்கோ. கம்பெனி பஸ் வர்ற நேரத்துக்கு ரோட்டாண்ட வந்து நில்லு. யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா கிரேன் ஓட்ட உடமாட்டாங்க.”

சரி என்றேன்.

இப்போது தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தக் கிரேனுக்குக் கீழே நின்று ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது இந்நேரம் காத்துக்கொண்டு...